சிவப்பு என்றால் புரட்சியா? அரூப ஓவியத்தில் அரசியலைத் தேடும்போது

வெள்ளைப் பின்னணியில் ஒரு சிவப்புச் சதுரம். வேறு எதுவுமே இல்லை. இப்படி ஆளோ பொருளோ காட்சியோ இல்லாமல் நிறமும் வடிவமும் மட்டுமாக வரைவதுதான் அரூப ஓவியம். வரைந்தவர் காசிமிர் மலேவிச், ரஷ்யப் பேரரசின் காலத்தில் கீவ் நகரில் பிறந்தவர். இதை மட்டும் சொல்லிவிட்டு "படம் எதைப் பற்றியது?" என்று கேட்டால் சட்டென்று வரும் பதில், புரட்சி. ரஷ்யா, சிவப்பு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம். கணக்கு சரியாக வருவது போலத்தான் இருக்கும்.

படம் வரையப்பட்ட ஆண்டு 1915. ஜார் மன்னர் அரியணையில் இருக்கிறார், அக்டோபர் புரட்சிக்கு இன்னும் இரண்டு வருடம் பாக்கி. மலேவிச் இதற்கு வைத்த பெயர், "ஒரு குடியானவப் பெண்ணின் ஓவிய மெய்மை, இரு பரிமாணங்களில்". அளவு 53 செ.மீ.க்கு 53 செ.மீ., ஒரு முழத்துக்குச் சற்றே கூடுதல். உற்றுப் பார்த்தால் அது சதுரமும் இல்லை. வலது மேல் மூலை வெளியே இழுபட்டிருக்கும். இன்னொன்று, ரஷ்ய மொழியில் சிவப்பைக் குறிக்கும் 'கிராஸ்னி' என்ற சொல்லுக்குப் பழைய வழக்கில் 'அழகான' என்றும் பொருள். மாஸ்கோவின் செஞ்சதுக்கத்துக்கு அந்தப் பெயர் வந்தது அக்டோபர் புரட்சியை நடத்திய போல்ஷெவிக்குகளால் அல்ல, பதினேழாம் நூற்றாண்டிலேயே அந்தப் பெயர் உண்டு. குடியானவர் வீட்டில் புனிதப் படம் மாட்டும் மூலைக்கும் 'கிராஸ்னி மூலை' என்றுதான் பெயர். இவ்வளவும் தெரிந்தபின் அந்தச் சிவப்பைப் பார்த்தால், கொடி நினைவுக்கு வருமுன் கிராமத்து வீடு நினைவுக்கு வரும்.

தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சறுக்கல் இன்னும் எளிதாக நேரும். நமக்கு நிறம் என்றாலே கட்சி. கறுப்புத் துணியின் நடுவே சிவப்பு வட்டம் இருந்தால் திராவிடர் கழகம். மேலே கறுப்பு, கீழே சிவப்பு என்றால் தி.மு.க. கறுப்புச் சட்டை போட்டவர் மார்கழியில் வந்தால் ஐயப்பனுக்கு மாலை போட்டவர், மற்ற மாதத்தில் வந்தால் பெரியார் தொண்டர் என்று தெருமுனையில் நின்றே படித்துவிடுவோம். இந்தப் பழக்கம் ஒரு பலம்தான், ஏனென்றால் நிறத்துக்கு அரசியல் உண்டு என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அதே சட்டையை மாதம் பார்த்துப் பொருள் சொல்கிறோமே, அதைத்தான் ஓவியத்தின் முன் நிற்கும்போது மறந்துவிடுகிறோம். நிறத்துக்கு அகராதிப் பொருள் கிடையாது. எப்போது, எங்கே, யார் முன்னால், என்ன பெயரில் என்பதெல்லாம் சேர்ந்தபின்தான் அது பேசத் தொடங்குகிறது.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ரஷ்ய ஓவியர் எல் லிசிட்ஸ்கி 1919 வாக்கில் வித்தெப்ஸ்க் நகரில் (இன்றைய பெலாரூஸ்) செய்த கல்லச்சுச் சுவரொட்டி. இடது பக்கத்திலிருந்து ஒரு சிவப்பு முக்கோணம் பாய்ந்து வந்து வெள்ளை வட்டத்தைக் குத்திப் பிளக்கிறது. இங்கே சிவப்பு புரட்சிதான், வெள்ளை எதிர்ப்புரட்சிப் படைதான். எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது? "சிவப்பு ஆப்பால் வெள்ளையரை அடி" என்று படத்திலேயே எழுதியிருக்கிறது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். இரு தரப்பும் தங்களைச் சிவப்பர், வெள்ளையர் என்றே அழைத்துக்கொண்டன. அது சுவரொட்டி, அதாவது சுவரில் ஒட்டி ஆள் சேர்ப்பதற்காகவே அச்சான பொருள். எழுத்து, ஆண்டு, பயன் மூன்றும் ஒரே திசையைக் காட்டுகின்றன. மலேவிச்சும் லிசிட்ஸ்கியும் அதே ஊரில், அதே கலைப் பள்ளியில் சேர்ந்து வேலை செய்தவர்கள். நாலு வருட இடைவெளியில் இருவர் கையிலும் சிவப்பு இருந்தது. ஒன்றை வைத்து மற்றதைப் படித்தால் இரண்டும் கெட்டுப்போகும்.

படத்தின் முன் நிற்கும்போது

முதல் ஐந்து நிமிடம் லேபிளைப் படிக்காதீர்கள். பத்தடி தள்ளி நின்று முழு அளவையும் பாருங்கள், பிறகு மூன்றடி, பிறகு காவலர் அனுமதிக்கும் அளவுக்கு நெருங்கி ஒரு முழத் தூரம். கடைசியாகப் பக்கவாட்டில் நின்று வெளிச்சம் சாய்வாக விழும்படி பார்த்தால் மேற்பரப்பின் மேடுபள்ளம் தெரியும். வண்ணம் கத்தியால் பூசப்பட்டதா, தூரிகைத் தீற்றலா, கித்தானுக்குள் (கேன்வாஸ் துணி) ஊறிப்போனதா, ஓரம் நாடா ஒட்டிப் பிடித்த நேர்க்கோடா, கைநடுக்கம் உள்ள கோடா என்று கண்ணில் பட்டதை மட்டும் நோட்டில் எழுதுங்கள். 'சோகம்', 'வன்முறை', 'சுதந்திரம்' போன்ற சொற்களுக்கு இந்தக் கட்டத்தில் இடமில்லை. 'கறுப்பு, பளபளப்பு இல்லை, கீழ் ஓரத்தில் வெள்ளை கசிகிறது' போதும். இது சலிப்பான வேலைதான். ஆனால் பொருளைக் கண்டுபிடித்துவிட்ட பிறகு கண் வேலை செய்வதை நிறுத்திவிடும். அதற்கு ஏற்றாற்போன்றவற்றை மட்டும் பொறுக்கத் தொடங்கிவிடும். அதனால்தான் இந்த வரிசை.

அதன்பின் லேபிள். ஆண்டு, தலைப்பு, ஊடகம், அளவு, எங்கிருந்து வந்தது. ஆண்டைக் குறித்துக்கொண்டு அதற்கு முன்னும் பின்னும் ஐந்தைந்து வருடங்களில் அந்த நாட்டில் என்ன நடந்தது, அந்த ஓவியர் வேறென்ன வரைந்தார் என்று பார்க்க வேண்டும். ஒற்றைப் படத்தை மட்டும் வைத்து அரசியல் சொல்வது, ஒரு வரியை உருவிக்கொண்டு ஒரு பேச்சை விமர்சிப்பது மாதிரி. பக்கத்தில் வைத்துப் பார்க்க அதே கையிலிருந்து வந்த வேறு மூன்று படங்களாவது வேண்டும்.

ஆண்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. மலேவிச் தன் 'கறுப்புச் சதுர'த்தின் பின்புறம் 1913 என்று குறித்துவைத்தார். 'சூரியன் மீது வெற்றி' என்ற இசை நாடகத்துக்கு அந்த வருடம் அவர் வரைந்த திரைச்சீலை வடிவங்களிலேயே அந்த எண்ணம் பிறந்துவிட்டது என்பது அவர் கணக்கு. உண்மையில் கித்தானில் வண்ணம் ஏறியது 1915-ல். லேபிளில் இருப்பது சில நேரம் செய்த ஆண்டு, சில நேரம் ஓவியர் உரிமை கொண்டாடும் ஆண்டு. முதல் உலகப் போர் இந்த இரண்டுக்கும் நடுவே தொடங்கியது என்பதை நினைத்தால் இந்த வேறுபாடு சின்னதில்லை.

தலைப்பிலும் ஒரு கண்ணி உண்டு. அது ஓவியர் வைத்ததா, கேலரிக்காரர் வைத்ததா, பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட செல்லப்பெயரா என்று கேளுங்கள். மூலமொழியில் என்ன என்றும் கேளுங்கள். மேலே சொன்ன சிவப்புச் சதுரத்தைப் பல இடங்களில் 'சிவப்புச் சதுரம்' என்று மட்டுமே அச்சிடுகிறார்கள். குடியானவப் பெண்ணைத் தூக்கியெறிந்துவிட்டால் மிஞ்சுவது கொடிதான்.

கறுப்பு மூன்று

இதைக் கறுப்பை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். மூன்று ஓவியர்கள், மூன்று கறுப்பு.

முதலாவது மலேவிச்சின் 'கறுப்புச் சதுரம்', 79.5 செ.மீ. பக்கம், இப்போது மாஸ்கோ திரெத்தியாகோவ் கேலரியில் இருக்கிறது. 1915 டிசம்பரில் பெத்ரோகிராதில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) '0,10' என்ற கண்காட்சியில் முதன்முதலாக மாட்டப்பட்டது. அந்த அறையின் புகைப்படம் ஒன்று தப்பிப் பிழைத்திருக்கிறது. சுவர் முழுக்க மலேவிச்சின் மற்ற படங்கள், ஒரு நாற்காலி, அதற்கு மேலே இரண்டு சுவர்கள் சேரும் மூலையில், கூரையை ஒட்டி, குறுக்காக இந்தச் சதுரம். வீட்டில் புனிதப் படம் மாட்டும் அதே 'கிராஸ்னி மூலை'. அன்றைக்கு அங்கே வந்த எந்த ரஷ்யருக்கும் இதை விளக்கவே தேவையில்லை. நம் வீட்டுப் பூஜையறையில் சாமிப்படம் இருந்த ஆணியில் வெறும் கறுப்புத் தகட்டை மாட்டினால் வீட்டுப் பெரியவர்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். படத்தின் அரசியலும் சமயமும் வண்ணத்தில் இருந்ததைவிட ஆணி அடித்த இடத்தில் அதிகம் இருந்தது. இன்று அருங்காட்சியகத்தின் தட்டைச் சுவரில், கண்மட்டத்தில் பார்ப்பவருக்கு அந்தச் செய்தி பாதிகூட வந்து சேராது. அதனால்தான் முதலில் எங்கே, எந்த உயரத்தில் மாட்டப்பட்டது என்று தேடுவது அவ்வளவு முக்கியம்.

நெருங்கிப் பார்த்தால் அது முழுக் கறுப்பும் இல்லை. வண்ணம் வெடித்து மயிர்க்கோடுகளாகப் பிளந்திருக்கிறது, பிளவுகளின் வழியே அடியில் உள்ள நிறங்கள் எட்டிப் பார்க்கின்றன. அடியில் வேறு வண்ண ஓவியங்கள் இருப்பதை எக்ஸ்ரே ஆய்வு காட்டியது. நன்றாகக் காயாத வண்ணத்தின் மேல் கறுப்பைப் பூசினால் மேல்தோல் ஒரு வேகத்திலும் அடி ஒரு வேகத்திலும் காயும், அப்படி வெடிக்கும். போன் திரையில் இது எதுவும் தெரியாது, ஒரு ஐகான் மாதிரி தட்டையாக இருக்கும். திரையில் மட்டும் பார்த்தவர் 'முழுச் சூனியம்' என்று எழுதுவார். நேரில் பார்த்தவர் 'மூடி மறைக்கப்பட்ட ஏதோ ஒன்று' என்று எழுதுவார். இரண்டும் ஒரே விளக்கமல்ல.

புரட்சிக்குப் பிறகு வித்தெப்ஸ்கில் மலேவிச்சின் மாணவர்கள் இந்தக் கறுப்புச் சதுரத்தைச் சட்டைக் கையில் தைத்துக்கொண்டார்கள். அது ஒரு இயக்கத்தின் சின்னமாயிற்று. 1930-களில் சோவியத் அரசு சோஷலிச யதார்த்தவாதத்தை அதிகாரபூர்வப் பாணியாக்கியதும் படம் கிடங்குக்குப் போனது. 1935-ல் மலேவிச் இறந்தபோது சவ ஊர்தியின் முன்பக்கத்தில் கறுப்புச் சதுரம் வைத்து ஊர்வலம் போனார்கள். ஒரே சதுரம், இருபது வருடத்துக்குள் புனிதப் படத்துக்கான சவால், இயக்கச் சின்னம், தடைசெய்யப்பட்ட பொருள், இரங்கல் அடையாளம். 'கறுப்புச் சதுரத்தின் பொருள் என்ன' என்று ஒருமையில் கேட்பதே தவறு. 1915-ல் என்ன, 1920-ல் என்ன, 1935-ல் என்ன என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது கறுப்பு அமெரிக்கர் ராபர்ட் மதர்வெல்லுடையது. 'ஸ்பானியக் குடியரசுக்கு இரங்கல்' (1930-களின் உள்நாட்டுப் போரில் ஃபிராங்கோவின் படையிடம் தோற்ற அரசு அது) என்ற வரிசையில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள், 1948-லிருந்து அவருடைய கடைசிக் காலம் வரைக்கும். தடித்த கறுப்புச் செங்குத்துப் பட்டைகள், அவற்றுக்கிடையே நசுங்கி நிற்கும் கறுப்பு முட்டை வடிவங்கள், பின்னால் வெள்ளை. 108-ஆவது எண் படம் ஏறக்குறைய 7 அடி உயரம், 11½ அடி அகலம். மனிதர் முன்னால் நின்றால் பட்டைகள் ஆளைவிட உயரம். சுவர் போல் வழிமறிக்கும்.

இதில் கற்றுக்கொள்ள வேண்டியது வடிவம் எப்படிப் பிறந்தது என்பது. முதல் வரைபடம் நண்பர் ஹரால்டு ரோசன்பர்க்கின் கவிதைக்காக மையில் போட்ட சின்னச் சித்திரம். ஸ்பெயினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மறுவருடம் அதையே பெரிதாக்கி, லோர்காவின் இரங்கற்பாவில் திரும்பத் திரும்ப வரும் 'மாலை ஐந்து மணிக்கு' என்ற வரியைத் தலைப்பாக வைத்தார். லோர்கா 1936-ல் சுட்டுக் கொல்லப்பட்ட ஸ்பானியக் கவிஞர். அதன் பின்னர்தான் ஸ்பானியக் குடியரசு தலைப்பில் ஏறியது. அதாவது வடிவம் முதலில், அரசியல் பெயர் பிறகு. இதைத் தெரிந்துகொண்டவர் 'முட்டை வடிவம் என்றால் கொல்லப்பட்ட குடிமக்கள், பட்டை என்றால் சிறைக்கம்பி' என்று ஒவ்வொன்றுக்கும் பொருள் ஒட்ட மாட்டார். அந்த முட்டை வடிவத்தைக் காளையின் விதை என்று சொல்பவர்களும் உண்டு. காளைச் சண்டை வீரருக்கான இரங்கற்பாவின் வரி என்பதால் அந்தப் பேச்சுக்கு ஓரளவு காரணமும் உண்டு. ஆனால் ஆதாரம் உறுதியாக நிற்பது வேறோர் இடத்தில். ஒரு மனிதர் நாற்பது வருடத்துக்கு மேல் ஒரே தோல்விக்கு, ஒரே வடிவத்தை மறுபடி மறுபடி வரைந்தார். ஒப்பாரியில் ஒரே அடி திரும்பத் திரும்ப வருவது போல. இந்த வரிசையின் அரசியல் அந்தத் திரும்பச் சொல்லலில் இருக்கிறது. ஒற்றைப் படத்தைப் பார்த்துவிட்டுப் போனால் அது கைக்கு வராது.

மூன்றாவது, அமெரிக்க ஓவியர் ஆட் ரைன்ஹார்ட். 1960-லிருந்து அவர் வரைந்தவை எல்லாம் ஐந்தடிக்கு ஐந்தடி கறுப்பு. முதல் பார்வையில் ஒன்றுமே இல்லை. இரண்டு மூன்று நிமிடம் கண் பழகியதும் ஒன்பது கட்டங்களாகப் பிரிவது தெரியும். ஒன்றில் சிவப்புச் சாயல், ஒன்றில் நீலம், ஒன்றில் பச்சை, நடுவே ஒரு சிலுவை வடிவம். வண்ணத்திலிருந்து எண்ணெயை வடித்தெடுத்துப் பூசியதால் பளபளப்பே இருக்காது. விரல் பட்டால் தழும்பு விழுந்துவிடும், அதனாலேயே முன்னால் தடுப்பு வைப்பார்கள்.

ரைன்ஹார்ட் அரசியலில் நல்ல ஈடுபாடுள்ள இடதுசாரி. நியூயார்க்கின் 'பிஎம்' நாளிதழுக்குக் கார்ட்டூன் போட்டவர். ஆகவே அவருடைய கறுப்புக்கு இனப் பிரச்சினை, போர் என்று பொருள் கொடுக்கக் கை துறுதுறுக்கும். ஆனால் வியட்நாம் போரை எதிர்க்க நினைத்தபோது அவர் கறுப்புப் படம் வரையவில்லை. 1967-ல் அஞ்சலட்டை போன்ற ஓர் அச்சு செய்து, அதில் போர் வேண்டாம் என்று எழுத்திலேயே சொன்னார். ஓவியத்துக்குள் அரசியலை விடமாட்டேன் என்பதுதான் அவர் நிலை. அரசியலில் ஈடுபட்டவர் வரைந்ததெல்லாம் அரசியல் ஓவியம் ஆகிவிடாது. பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான்: ஓவியரின் வாழ்க்கைக் குறிப்பை எடுத்துப் படத்தின் மேல் அப்படியே ஒட்டிவிடுவது.

ஒரே வடிவத்துக்கு மூன்று வசை

அரூப வடிவத்துக்கு இயல்பான அரசியல் எதுவும் இல்லை என்பதற்கு வரலாறே நல்ல சாட்சி வைத்திருக்கிறது. 1937-ல் நாஜிகள் மியூனிக்கில் 'சீரழிந்த கலை' என்று ஒரு கண்காட்சி வைத்து நவீன ஓவியங்களை ஏளனம் செய்தார்கள். அவர்கள் கண்ணில் அது போல்ஷெவிக் சதி. அதே ஆண்டுகளில் ஸ்டாலினின் சோவியத்தில் அதே மாதிரி ஓவியத்துக்கு முதலாளித்துவ உருவவாதம் (கருத்தை விட்டு வடிவத்தை மட்டுமே கொண்டாடும் போக்கு) என்று பெயர். அமெரிக்காவில் வெளியுறவுத் துறை 1946-ல் 79 நவீன எண்ணெய் ஓவியங்களை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பியது. உள்ளூரில் கிளம்பிய எதிர்ப்பில் 1947-ல் திருப்பி அழைத்து, அடுத்த வருடம் போர்க்கால உபரிச் சரக்கு மாதிரி விற்றது. 1949-ல் ஜார்ஜ் டொண்டெரோ என்ற காங்கிரஸ் உறுப்பினர் நவீனக் கலை கம்யூனிஸ்டுகளின் ஆயுதம் என்று அவையிலேயே முழங்கினார்.

பத்து வருடம் கழிந்தது. அதே அமெரிக்க அரூப ஓவியம் 1958–59-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் ஏற்பாட்டில் எட்டு ஐரோப்பிய நாடுகளைச் சுற்றி வந்தது. இப்போது அது சுதந்திர உலகத்தின் அடையாளம். பண்பாட்டுச் சுதந்திரத்துக்கான பேராயம் என்ற அமைப்புக்குச் சி.ஐ.ஏ. பணம் கொடுத்தது 1966–67-ல் வெளியே வந்தபோது, அரூப ஓவியமே சி.ஐ.ஏ.வின் வேலை என்ற பேச்சும் கிளம்பியது. இணையத்தில் இன்றைக்கும் அது சுற்றிவருகிறது. இங்கே இரண்டு கேள்விகளைப் பிரித்து வைத்தால் தெளிவு வரும். ஓவியர் எதற்காக வரைந்தார் என்பது ஒன்று. வரைந்து முடித்ததை யார் எதற்குப் பயன்படுத்தினார் என்பது இன்னொன்று. இரண்டாவதும் படத்தின் அரசியல்தான், படிக்க வேண்டியதுதான். ஆனால் அதற்கு ஆதாரம் கித்தானில் கிடைக்காது. எந்தக் கண்காட்சி, யார் செலவு, எந்த நாடு, எந்த மாதம் என்று ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும்.

நம் தெருவிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. புள்ளிக் கோலத்தைவிடப் பழகிய அரூப வடிவம் தமிழருக்கு ஏது? அது என்ன சொல்கிறது என்று யாரும் கேட்பதில்லை, ஆனால் துக்க வீட்டு வாசலில் அது இல்லாமல் இருந்தால் தெருவுக்கே செய்தி போய்விடும். 2019 டிசம்பர் கடைசியில் சென்னை பெசன்ட் நகரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரான வாசகங்களோடு சிலர் கோலம் போட்டார்கள். போலீஸ் அவர்களைப் பிடித்துப் போனது. மறுநாள் பல வீட்டு வாசல்களிலும், அரசியல் தலைவர்களின் வாசல்களிலும் அதே வாசகத்தோடு கோலம். கம்பி அதே கம்பி, புள்ளி அதே புள்ளி. வாசகமும் அந்த வாரமும் சேர்ந்துதான் அதை மாற்றின. லிசிட்ஸ்கியின் சுவரொட்டியில் எழுத்து செய்த வேலையும் இதேதான்.

ஒரு கோடு எப்படிச் செய்யப்பட்டது

இதுவரை சொன்னது இடம், ஆண்டு, தலைப்பு. செய்முறையிலேயே பொருள் புதைந்திருப்பதும் உண்டு. அதற்கு ஜரீனா ஹாஷ்மியின் 'பிரிக்கும் கோடு' என்ற 2001-ஆம் வருட மரச்செதுக்கு அச்சைப் போல் தெளிவான உதாரணம் வேறில்லை என்பது என் எண்ணம். ஜரீனா 1937-ல் அலிகாரில் பிறந்தவர், கணிதம் படித்தவர். பிரிவினைக்குப் பின் அவர் குடும்பம் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. அவர் ஊர் ஊராக, நாடு நாடாக வாழ்ந்தார்.

வெளிர்த் தாளில் மேலிருந்து கீழே கோணல்மாணலாக இறங்கும் ஒரு கறுப்புக் கோடு. பூகோளம் தெரிந்தவர் இந்திய–பாகிஸ்தான் எல்லை என்று அடையாளம் காண்பார். தெரியாதவர் ஆறு என்பார், வெடிப்பு என்பார், தையல் போட்ட காயம் என்பார். இப்போது மரச்செதுக்கு அச்சு எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். பலகையில் எது மேடாக இருக்கிறதோ அதில்தான் மை ஒட்டும். ஒரே ஒரு கோடு கறுப்பாக விழ வேண்டுமென்றால் அந்தக் கோட்டைச் செதுக்கினால் போதாது. கோட்டைத் தொடாமல் விட்டுவிட்டு, அதன் இருபுறமும் உள்ள பலகை முழுவதையும் உளியால் தோண்டி எடுக்க வேண்டும். அதாவது நிலத்தையெல்லாம் அகற்றினால்தான் எல்லை மிஞ்சும். தாளில் கோட்டைச் சுற்றிச் சின்னச் சின்னக் கறுப்புத் தெறிப்புகள் தெரிகின்றனவே, உளி முழுவதும் அள்ளாமல் விட்ட சிராய்கள் மை பிடித்தவை அவை. அதே கோட்டைப் பேனாவில் இழுத்திருந்தால் ஒரு நொடி வேலை. எல்லை வகுக்கப் பிரிட்டன் அனுப்பிய வழக்கறிஞர் சிரில் ராட்க்ளிஃப் இந்தியா வந்த ஐந்தே வாரத்தில் அந்த எல்லையை வரைபடத்தில் இழுத்தார். ஜரீனா அதைச் செதுக்க எடுத்துக்கொண்ட உழைப்பு அந்த அவசரத்துக்கு எதிரே நிற்கிறது.

லேபிளில் 'மரச்செதுக்கு' என்ற ஒற்றைச் சொல்லைத் தாண்டிப் போனவருக்கு இது கிடைக்காது. ஊடகத்தின் பெயரைப் பார்த்ததும் அதை எப்படிச் செய்வார்கள் என்று ஐந்து நிமிடம் தேடிப் படிப்பது வீண்போகாத வேலை.

சரியா என்று சோதிக்க ஒரு வழி

ஒரு விளக்கம் மனதில் உருவானதும் அதை மாற்றிப் பாருங்கள். இதே படம் பத்து வருடம் முன்பு, வேறு நாட்டில், 'தலைப்பில்லை' என்ற பெயரில் வரையப்பட்டிருந்தால் என் விளக்கம் அப்படியே பொருந்துமா? பொருந்தும் என்றால் அந்த விளக்கம் இந்தப் படத்தைப் பற்றியதே அல்ல. 'இந்தக் கோடுகள் மனித மனத்தின் போராட்டத்தைக் காட்டுகின்றன' என்பது எந்தப் படத்துக்கும் பொருந்தும். நம் கண்காட்சி அறிமுகக் குறிப்புகளில் இத்தகைய வாக்கியங்கள் எத்தனை! லிசிட்ஸ்கியைப் பற்றிச் சொன்னது ஆண்டை மாற்றினால் சரிந்துவிடும். ஜரீனாவைப் பற்றிச் சொன்னது ஊடகத்தை மாற்றினால் சரியும். சரிய வேண்டும், அப்போதுதான் அது ஆதாரத்தில் நின்ற விளக்கம்.

எழுதும்போது வினைச்சொல்லிலும் கவனம் வேண்டும். படத்திலேயே எழுத்தோ தலைப்போ இருந்தால் 'சொல்கிறது' எனலாம். இடம், காலம், செய்முறை மூன்றும் ஒத்துப்போனால் 'சுட்டுகிறது'. நிறம், வடிவம் மட்டுமே கையில் இருந்தால் 'அப்படியும் பார்க்கலாம்' என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இந்திய ஓவியர் நஸ்ரீன் முகமதியின் மெல்லிய பென்சில், மைக் கோடுகளுக்குப் பெரும்பாலும் தலைப்பில்லை, ஆண்டும் குறிக்கப்படவில்லை. அங்கே அரசியலைத் தோண்டுவதைவிட, கோடு எங்கே மெலிகிறது, எங்கே அழுத்தம் கூடுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

பணிக்கரின் படிக்க முடியாத எழுத்து

சென்னைக்காரர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர், 1957 முதல் 1967 வரை சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வர். 1963-ல் 'சொற்களும் குறிகளும்' என்ற வரிசையைத் தொடங்கினார். ஜாதகக் கட்டம் மாதிரி கோடுகள், கணக்குக் குறிகள், பாம்பு, மீன், நெருக்கமாக வரிவரியாக மலையாள எழுத்துப் போன்ற கிறுக்கல். மலையாளம் தெரிந்தவரும் படிக்க முடியாது. எழுத்தின் நடை இருக்கிறது, சொல் இல்லை.

இவரிடம் வழக்கமாக நடக்கும் தவறு, ஒவ்வொரு குறிக்கும் சோதிட நூலிலோ தாந்திரிக நூலிலோ பொருள் தேடுவது. கட்டத்தைப் பார்த்ததும் ராசிக் கட்டம் என்று எண்ணி எந்தக் கிரகம் எங்கே என்று பார்ப்பவர்கள் உண்டு. படிக்க முடியாமல் செய்ததே ஓவியரின் முடிவு என்றிருக்க, விடாப்பிடியாகப் படிப்பதில் என்ன பயன்? நவீன ஓவியம் வரையும் இந்தியர் எல்லோரும் பாரிஸைப் பார்த்து எழுதுபவர்கள் என்ற பேச்சு நடந்த காலம் அது. அந்தப் பேச்சுக்குப் பதிலாக அவர் தேர்ந்தெடுத்தது தெய்வ உருவத்தையோ கிராமத்துக் காட்சியையோ அல்ல. நம் வீட்டுப் பரணில் கிடக்கும் ஓலைச்சுவடி, பஞ்சாங்கம், கணக்கு நோட்டு இவற்றின் பக்க அமைப்பை. பொருளை விட்டுவிட்டு, எழுதிய பக்கம் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டார். பண்பாட்டு அரசியல் அந்தத் தேர்வில் இருக்கிறது.

1966-ல் அவர் தலைமையில் ஓவியர்கள் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தபோது, பாத்திக் முதலிய கைவினைப் பொருள்களை விற்றுத்தான் நிலத்துக்குப் பணம் திரட்டினார்கள். பகலில் துணியில் மெழுகு ஊற்றிக் கோடு போட்டவர்களின் கையே கித்தானிலும் கோடு போட்டது. சென்னை ஓவியர்களிடம் கோடு அவ்வளவு வலுவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், அதற்கு மேல் அழுத்திச் சொல்ல மாட்டேன்.

சோழமண்டலத்தில் உள்ள அருங்காட்சியகத்திலும் திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் உள்ள பணிக்கர் காட்சிக்கூடத்திலும் இவர் படங்களை நேரில் பார்க்கலாம். போனால் ஒரே ஒரு படத்துக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். எழுத்து வரிகள் இடமிருந்து வலமாக ஓடுகின்றனவா, ஓரத்தில் வந்ததும் மடங்குகின்றனவா, கட்டத்துக்குள் அடங்குகின்றனவா என்று குறித்துக்கொள்ளுங்கள். வரி நெடுக மை ஒரே சீராக இருக்கிறதா, இல்லை மூச்சு வாங்கி எழுதியது போல் நடுவில் தடித்து, கடைசியில் மெலிகிறதா என்று ஒரு முழத் தூரத்திலிருந்து பாருங்கள். உங்கள் கண் எந்த இடத்தில் படிக்க முயல்வதை நிறுத்திவிட்டுப் பார்க்கத் தொடங்கியது என்பதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.